செங்கேணித் தோட்டத்துக்கு வழி

கட்சிக்காரன் கனகராஜ் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பேனருக்குத் தேவானைதான் ஓரம் மடித்து ஒட்டி, மூலைக்கு மூலை ஓட்டை அடித்து வளையம் பொருத்தினாள். காணாமல் போன அவளுடைய கணவனைத் தேடி வைக்கிற பேனர் அது என்பதால் அன்றைக்கு அந்தப் பேனரை வேறு யாரும் தொட அவள் விடவில்லை.

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் மெஹபூப் அலி பாயின் அச்சுக்கடை இருந்தது. முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், பின்னால் ஃப்ளெக்ஸ் அடிக்கும் நீள மெஷின். பேனர்களை அளவாக வெட்டுவது, ஓரம் ஒட்டுவது, ரீப்பர் கட்டையில் சட்டம் கட்டுவது எல்லாம் தேவானையின் வேலை. ஆறு வருஷமாகப் பார்க்கிறாள். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பிலும் மை வாடைதான் அடிக்கும். அதுவும் பழகிவிட்டது.

அவள் கணவன் தங்கவேல் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோடு இறக்கும்போது கிரானைட் பலகை சரிந்து தலையில் விழுந்தது. பிழைத்தான். ஆனால் இடது தோள் தொங்கிப்போயிற்று; புதிதாக நடப்பது எதுவும் மனதில் தங்கவில்லை. அதே வருஷம்தான் அடையாற்றங்கரையில் அவர்கள் இருந்த செங்கேணித் தோட்டம் என்ற குடிசைப் பகுதியைக் காலி செய்து, நானூறு குடும்பங்களையும் ஊருக்கு வெளியே எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். தேவானைக்குக் கிடைத்தது ஐந்தாவது மாடி. தங்கவேலுக்கு அது யாரோ ஒருத்தர் வீடு. காலையில் எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, "சரி, நேரமாச்சு, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்பான். அதனால் தேவானையும் மகள் அன்புக்கரசியும் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பியவள் அன்புக்கரசி. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். பத்தொன்பது வயது. அன்றைக்கு அவள் கதவைப் பூட்டவில்லை. சாயங்காலம் தேவானை இரண்டு பஸ் மாறி வந்து பார்த்தபோது கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது.

"பூட்டு எங்கடி?" என்று மகளிடம் கேட்டாள். அன்புக்கரசி கைப்பையிலிருந்து பூட்டை எடுத்து வைத்தாள். அதன் பிறகு தேவானை அவளோடு பேசவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்தார்கள். வியாழக்கிழமை கனகராஜ் கடைக்கே வந்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கட்சியில் ஒரு பொறுப்பில் இருந்தான்.

"தேவானை, நீ கவலப்படாத. தங்கவேலு எனக்கு அண்ணன் மாரி. நாலு எடத்துல பெரிய பேனரா வெச்சிரலாம். எல்லாம் என் பொறுப்பு."

அவள் அவன் காலில் விழப் போனாள். அவன் தடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வைதேகியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். மந்தைவெளிப் பெண் வைதேகி, இருபத்தாறு வயது, கடையின் டிசைன் வேலை முழுவதும் அவளுடையது.

"மேல தலைவருங்க படம் வரணும். ரைட்ல என் படம், ஃபுல் சைஸ். கீழ நம்ம பசங்க பேரு பதினாலும் வரணும்மா. ஒண்ணு வுட்டாலும் பேஜாராயிடும்."

"சார், காணாமப் போனவரோட போட்டோ?"

"அதான் லெஃப்ட்ல எடம் கீதே. ரவுண்டா கட் பண்ணிப் போட்டுடு."

தேவானை கொண்டுவந்திருந்தது பதினைந்து வருஷத்துக்கு முன் ஸ்டுடியோவில் இரவல் கோட்டுப் போட்டு எடுத்த படம். வைதேகி அதை வட்டமாக வெட்டி இடது ஓரத்தில் வைத்தாள். அச்சாகி வந்தபோது தேவானைக்கு மனது நிறைந்துபோயிற்று. பன்னிரண்டடி அகலம், சிவப்பும் மஞ்சளுமாக. இதை எந்தக் குருடனும் பார்ப்பான் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, மந்தைவெளி, அடையாறு என்று நாலு இடத்தில் கட்டினார்கள்.

ஃபோன் வரவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் போயின. ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். மழை விட்டு விட்டுப் பெய்தது.

மறு புதன்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். மெஷின் நின்றிருந்தது. தேவானை சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வைதேகி எழுந்து வந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் இங்க வந்து உக்காருங்க. கண்ண மூடிக்குங்க. நான் சொல்றப்ப தெறக்கணும், சொன்ன உடனே மூடிரணும்."

"இன்னாத்துக்கு பாப்பா?"

"சொல்றேன். மூடுங்க. ம், தெறங்க. மூடுங்க. என்ன பாத்தீங்க?"

"கனகராஜு பல்லு."

"அப்புறம்?"

"சேப்பா எழுத்து கீது."

"என்ன எழுத்து?"

"படிக்கல."

"அண்ணன பாத்தீங்களா?"

தேவானை கண்ணைத் திறந்தாள். திரையில் அந்தப் பேனர் இருந்தது. இடது ஓரத்தில், பதினாலு பேருடைய பெயர்களுக்கு மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அவள் புருஷன் இருந்தான். அவள் அவனைப் பார்த்திருக்கவில்லை. பெற்று வளர்க்கிற பிள்ளைக்குத் தகப்பன், கூடப் படுத்து எழுந்தவன், அவளுக்கே கண்ணில் படவில்லை.

"பஸ்ல போறவங்களுக்கும் பைக்ல போறவங்களுக்கும் அவ்ளோதான்க்கா நேரம்" என்றாள் வைதேகி. "நீங்க சட்டம் கட்டுறப்ப ஒரு பக்கம் கனம் ஏறிச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"அந்தாண்ட ஒரு கட்டை சேத்துக் கட்டுவேன். இல்லாங்காட்டி காத்துக்கு சாஞ்சிடும்."

"கண்ணுக்கும் அதே கணக்குதான். பெருசா இருக்கிறது கனம். கறுப்பா, சேப்பா இருக்கிறது கனம். மனுஷன் மூஞ்சி ரொம்பக் கனம். இதுல இருக்கிற கனமெல்லாம் வலது பக்கம். கண்ணு அங்கயே சாஞ்சிடுது. அண்ணன் இருக்கிற பக்கம் ஒண்ணுமே இல்ல."

"இது உனக்கு அப்பவே தெரியுமா?"

வைதேகி மவுசை உருட்டினாள். "தெரியும்க்கா. அவர் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்லப் பண்ணிட்டேன். நீங்க வேற சந்தோஷமா பாத்தீங்க. வாய் வரல. இப்ப நான் வேற ஒண்ணு பண்ணித் தர்றேன். பத்து நிமிஷம்."

"வேணாம்." தேவானை நாற்காலியை விட்டு எழவில்லை. "எனக்குச் சொல்லிக் குடு. நா பண்றேன்."

"இப்ப நேரமில்லையேக்கா."

"உனக்கு அவர தெரியாது பாப்பா. நீ பண்ணா அது யாரோ ஒருத்தரு மாரிதான் இருக்கும். எனக்குத் தெரியும். எனக்கு மிசினுதான் தெரியாது."

தொழுகை முடிந்து வந்த பாய் தேவானை கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ஒட்டும் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு தானே பின்னால் போனார்.

மவுஸ் அவள் கைக்கு அடங்கவில்லை. ஓட்டை அடித்து அடித்துக் காய்த்துப்போன விரல். மெதுவாக அழுத்தத் தெரியவில்லை. ஒரு எழுத்தை நகர்த்தினால் திரையை விட்டே வெளியே போயிற்று. சாயங்காலத்துக்குள் ஒன்று செய்து முடித்தாள். 'காணவில்லை' பெரிதாக, சிவப்பில். பெயர் பெரிதாக. வயது, உயரம், நிறம், கட்டியிருந்த கைலி, மச்சம், ஃபோன் நம்பர் எல்லாம் பெரிதாக.

பாய் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் ஒரே நேரத்துல கத்துற மாரி இருக்கும்மா. ஒருத்தர் சொல்றதும் காதுல வுழல."

"எல்லாமே முக்கியம்தான் பாய்."

"முக்கியம்தான். யார் மொதல்ல பேசுறதுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

இரண்டாவதை வியாழக்கிழமை காலையில் செய்தாள். படம் நட்டநடுவில், இந்தப் பக்கம் நாலு வரி, அந்தப் பக்கம் நாலு வரி, சுற்றிலும் கட்டம். அளவெடுத்தாற்போல் சரியாக இருந்தது. செய்து முடித்ததும் அவளே முகம் சுளித்தாள். "கல்யாணப் பத்திரிகை மாரி கீது. இத பாத்தா அவனவன் ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயினே இருப்பான்."

வைதேகி சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா தூங்கிடும்க்கா. ஒரு பக்கம் பெருசு, இன்னொரு பக்கம் காலி எடம். அந்தக் காலிக்கும் கனம் உண்டு."

"காலியா வுட்டா எடம் வேஸ்ட்டுதானே?"

வைதேகி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஓரமாக ஒரே ஒரு கறுப்புப் புள்ளி வைத்துக் காட்டினாள். தேவானை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை எங்கே போனாலும் அந்தப் புள்ளிக்கே திரும்பிவந்தது.

"ரங்கநாதன் தெருவு கூட்டத்துல ஒருத்தன் நின்னா எவன் பாப்பான்" என்றாள் தேவானை மெல்ல. "காலங்காத்தால பெசன்ட் நகர் பீச்சுல ஆளே இல்லாதப்ப ஒருத்தன் தனியா நின்னான்னா, போற வர்றவன்லாம் பாப்பான். அதுதானே நீ சொல்றது?"

"அதேதான்க்கா."

"அப்ப மத்தவன்லாம் வெலகணும்."

ஆனால் படம்தான் உதவவில்லை. கோட்டுப் போட்ட அந்த இளவட்டத்துக்கும் இப்போது தெருவில் எங்கேயோ திரியும் தங்கவேலுக்கும் சம்பந்தமே இல்லை. வேறு படம் வேண்டும். அதற்கு அன்புக்கரசியிடம்தான் கேட்க வேண்டும்.

அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனாள். மழையால் ஜவுளிக் கடையில் கூட்டமில்லை என்று அன்புக்கரசியும் வந்திருந்தாள். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. தேவானை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"உங்க நைனா போட்டோ, இப்ப எடுத்தது, உன் ஃபோன்ல கீதா?"

ஒன்பது நாளைக்குப் பிறகு அம்மா பேசிய முதல் வார்த்தை. அன்புக்கரசி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஃபோனை நீட்டினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கவேல் நின்றிருந்தான். நரைத்த தாடி, நெற்றியிலிருந்து ஏறும் தையல் தழும்பு, தொங்கிய இடது தோள். கேமராவைப் பார்க்காமல் படத்தின் வலது பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப எடுத்தே?"

"போன மாசம். ஆத்த தேடிக்கினு இருந்தாரு. இங்கேருந்து ஆறு தெரியும்னாரு." அன்புக்கரசி ஃபோனை அம்மா கையிலேயே விட்டாள். "அன்னிக்கு பூட்ட எடுத்தம்மா. கையில எடுத்துட்டேன். 'ஏம்மா என்னிய பூட்றே, நா இன்னா திருடனா'ன்னு கேட்டாரு. என்னைப் பாத்து கேட்டாரும்மா. எம்பேரச் சொல்லி கேட்டாரு. ரெண்டு வருஷமா எம்பேரச் சொன்னதில்ல அவரு. எப்டி பூட்றது?"

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. தேவானை போய் அணைத்தாள். திரும்பி நிற்காமலே கேட்டாள்:

"பேர கேட்டா சொல்வாரா வெளிய?"

"சொல்ல மாட்டாரு. பேரு ஊருல்லாம் கேட்டா பயந்துப்பாரு. அவரு வழிதாம்மா கேப்பாரு. 'செங்கேணித் தோட்டத்துக்கு எப்டிப் போணும்'னு. மாடியில எல்லார் வூட்டாண்டயும் அதத்தான் கேட்டாரு. பாத்தவங்களுக்கு வேற ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அது இருக்கும்."

தேவானை இரண்டு தட்டை எடுத்து வைத்தாள். "சாப்டு" என்றாள். "கால ஆறு மணிக்கு கெளம்பணும். நீயும் வா."

வெள்ளிக்கிழமை வைதேகி ஏழு மணிக்கே வந்து கடையைத் திறந்தாள். அன்புக்கரசியின் படத்தைத் திரையில் ஏற்றி, கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். தேவானை மவுசைப் பிடித்து அதை வலது பக்கம் கொண்டுபோய் வைத்தாள். உடனே ஏதோ தப்பாகப் பட்டது.

"ஏன் செவுத்த பாத்துக்கினு நிக்கிற மாரி கீறாரு?"

"அவர் வலது பக்கம் பாக்குறார் இல்ல? பாக்குற பக்கம் எடம் விடணும்க்கா."

தேவானை படத்தை இடது பக்கத்துக்கு இழுத்தாள். தாளில் பாதிக்கு அவன் முகம். மறு பாதி வெறுமை. அந்த வெறுமையைத் தங்கவேல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வை போய் விழும் இடத்தில் அவள் எழுத்தைத் தட்டினாள். ஒவ்வொரு எழுத்தாக, வைதேகி சொல்லித்தர.

'செங்கேணித் தோட்டத்துக்கு வழி எது என்று இவர் உங்களிடம் கேட்டாரா?'

கீழே ஃபோன் நம்பர். 'காணவில்லை' என்று போடவில்லை. பெயரை மூலையில் சின்னதாக வைத்தாள். வயது, மச்சம், கைலி எதுவும் இல்லை.

"போதுமா பாப்பா?"

வைதேகி, அன்புக்கரசியின் கண்ணைப் பொத்தி, ஒரு நொடி விலக்கி, மறுபடி பொத்தினாள். "என்ன பாத்தே?"

"எங்க நைனா" என்றாள் அன்புக்கரசி. "வழி கேக்குறாரு."

முந்நூறு தாள். மைதாவைக் காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். தேனாம்பேட்டை சிக்னலில் தொடங்கி லஸ், மயிலாப்பூர் குளத்துப் பக்கம், மந்தைவெளி, அடையாறு, பெசன்ட் நகர் என்று போனார்கள். ஈரச் சுவரில் ஒட்டாத இடங்களில் கேட்டுக் கேட்டுக் கடைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினார்கள். ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, பால் பூத், மருந்துக் கடை. எந்த உயரத்தில் ஒட்டினால் நடந்து வருகிறவன் கண்ணுக்கு நேராக இருக்கும் என்று தேவானை ஒவ்வொரு இடத்திலும் பின்னுக்கு வந்து நின்று பார்த்தாள். வேறு நோட்டீசுகள் நெருக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சுவரை விட்டுவிட்டாள்.

மந்தைவெளியைத் தாண்டுவதற்குள் முதல் ஃபோன் வந்தது.

"அம்மா, அக்பர் பாஷா பேசுறேன், லஸ் ஆட்டோ ஸ்டாண்டு. இந்த ஆளு எங்கிட்டதான் கேட்டாரு. போன வாரம், செவ்வாயோ புதனோ. அப்டி ஒரு எடமே இல்ல நைனான்னேன். இல்ல, அங்கதான் எம்பொண்டாட்டி கீறா, போணும்னாரு."

தேவானை நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அன்புக்கரசி ஃபோனை வாங்கிப் பேசினாள். அடுத்து குளத்துப் பக்கம் பூக்கட்டும் பெண், புதன்கிழமை. ஆர்.ஏ.புரத்தில் ஒரு வாட்ச்மேன், வியாழக்கிழமை. தண்ணீர் கேட்டுக் குடித்தாராம். அன்புக்கரசி கையில் பேனாவால் இடத்தையும் கிழமையையும் எழுதிக்கொண்டே வந்தாள். எல்லாம் தெற்கே, ஆற்றை நோக்கி.

"ஆத்தாண்ட போயிக்கினு இருந்தாரும்மா. வழி தெரிஞ்சுதான் போயிருக்காரு."

"ஒரு வாரம் முழுக்க பாத்திருக்காங்கடி எல்லாரும்" என்றாள் தேவானை.

பதினொரு மணிக்கு அடையாறிலிருந்து ஃபோன் வந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சண்முகவேல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நேரில் வரச் சொன்னார். ஓடினார்கள்.

ஐம்பது வயது மனிதர், பாய்லருக்குப் பின்னால் இருந்து வெளியே வந்து இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்தார். கேட்காமலே இரண்டு டீயை வைத்தார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாவ. அன்னைக்கும் மறுநாளும் இங்கனதான் இருந்தாவ. பன்னும் டீயும் குடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கிடுவாவ. தோட்டத்துக்கு வழி கேட்டாவ. எனக்கு எங்க தெரியும்? மழை நல்லா ஊத்துச்சு. ஞாயித்துக்கிழமை உடம்பு அனலாக் காஞ்சுது, பேச்சு கொளறுச்சு. நானும் பக்கத்துக் கடைப் பையனும் ஆம்புலன்சுக்குப் போன் போட்டு ஏத்திவிட்டோம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குன்னுதான் சொன்னானுவ."

அன்புக்கரசி எழுந்துவிட்டாள். தேவானை எழவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கனகராஜ் மழையில் கழுவிய பளபளப்போடு கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

"அண்ணே, அவரு எங்க உக்காந்துக்கினு இருந்தாரு?"

சண்முகவேல் கையை நீட்டினார். "அந்தா, அந்த பேனருக்குப் பொறத்தால. சாரல் அடிக்காதுல்லா? கட்டைல சாஞ்சுக்கிட்டுக் கெடந்தாவ."

"அது அவரு படந்தாண்ணே. அவர காணோம்னு வெச்ச பேனரு அது."

அவருக்குப் புரியவில்லை. சாலையைக் கடந்து போய்ப் பேனருக்கு முன்னால் நின்று, அண்ணாந்து, முழுவதும் படித்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"தெனம் பாக்கேன் தாயி. கண்ணு முழிச்சதும் அதுலதான் முழிக்கேன். பொறந்தநாளு பேனருன்னுல்லா நெனச்சேன். அதுல ஃபோன் நம்பரு இருக்கே. ஒரு ஃபோன் போட்டிருந்தா..." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வார்டு சுற்றி, ஒரு நோட்டுப் புத்தகம் பார்த்து, மூன்றாவதாக ஒரு கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். 'அடையாளம் தெரியாத ஆண், சுமார் 55'. ஞாயிறு சேர்க்கை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை இறப்பு. நிமோனியா என்றார்கள். ஊழியர் துணியை விலக்கியபோது தேவானை முகத்தை முதலில் பார்க்கவில்லை. இடது தோளைப் பார்த்தாள். அது இப்போது தொங்கவில்லை. இரண்டு தோளும் மேசையில் சமமாக இருந்தன.

"எங்க நைனாதான்" என்று அன்புக்கரசி கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை. அதற்கு மறுநாள்தான் அவள் வைதேகியின் பக்கத்தில் கண்ணை மூடித் திறந்தாள். பஸ்ஸில் வரும்போது தேவானை அதையே திரும்பத் திரும்ப மகளிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை வைத்த பேனரில் அவன் முகம் முகமாக இருந்திருந்தால். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் அவன் அதன் பின்னாலேயே இருந்திருக்கிறான்.

"நா பூட்டியிருந்தா" என்றாள் அன்புக்கரசி.

"வாய மூடு" என்றாள் தேவானை. மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் தேவானை வேலைக்கு வந்தாள். அன்று பகலில் கனகராஜ் மாலையும் கையுமாக வந்தான். கண் கலங்கித்தான் இருந்தான், நடிப்பில்லை.

"இன்னா சொல்றதுன்னே தெரில தேவானை. கண்ணீர் அஞ்சலி பேனரு பெருசா வெச்சிரலாம். வைதேகிம்மா, இந்தவாட்டி அண்ணன் படத்த பெருசாவே போட்டுடு. என்னுது ஓரமா இருந்தா போதும்."

வைதேகி விசைப்பலகையைத் தொடவில்லை. பாய் கணக்குப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"வேணாம்ண்ணே" என்றாள் தேவானை.

"ஏன்மா?"

"அடையாறுல நீ கட்டுன பேனருக்குப் பின்னாடிதான் அவரு மூணு நாளு மழைல கெடந்தாரு. எதுத்தாப்புல டீக்கடைக்காரு தெனம் டீ குடுத்துக்கினு, அந்த பேனரையும் பாத்துக்கினு இருந்தாரு. உன்ன பாத்தாரு. அவர பாக்கல."

கனகராஜ் உட்கார்ந்தான். "நா நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"தெரியும். உன்ன மட்டும் சொல்லல. இந்தப் பொண்ணு தெரிஞ்சே பண்ணிச்சு. நா என் கையால ஓட்டை அடிச்சேன். பெருசா கீதுன்னு சந்தோசப்பட்டேன். எனக்கும் கண்ணு தெரில." அவள் குரல் உயரவே இல்லை. "நாலு எடத்துலயும் அத அவுத்துடு. அது ஒண்ணு போதும்."

அவன் மாலையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனான். சாயங்காலத்துக்குள் மூன்று பேனர் இறங்கிவிட்டன. அடையாறில் இருந்ததைச் சண்முகவேல், அவர்கள் வந்துபோன அன்றைக்கே தன் கையால் அவிழ்த்துவிட்டிருந்தார்.

ஆனால் சின்னத் தாள்கள் இருந்தன. மழைக்கு ஒதுக்கமான இடம் பார்த்து ஒட்டியவை. அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. ஃபோன் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு. 'எங்கிட்ட கேட்டாரு', 'எங்க கடைல கேட்டாரு'. வேறு யாரையோ பார்த்துவிட்டு நேற்றுப் பார்த்தேன் என்றவர்களும் உண்டு. அப்படி ஒரு ஃபோன் வரும்போதெல்லாம் தேவானை ஒரு நொடி எழுந்தே நின்றுவிடுவாள்.

"நம்பர மாத்திடும்மா" என்றாள் அன்புக்கரசி. "இல்லாட்டி எல்லாத்தையும் கிழிச்சிட்டு வந்துர்றேன்."

"நின்னு படிச்சு, நம்பர பாத்து போடுறாங்கடி. பதில் சொல்ல ஆள் வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை பகலில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. தேவானை இடது கையால் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். வயதான பெண் குரல்.

"நான் மயிலாப்பூர்லேர்ந்து பேசறேம்மா, சீதான்னு. மருந்துக் கடையில ஒரு நோட்டீஸ் பாத்தேன். அவர் உங்காத்துக்காரரா?"

"ஆமாம்மா."

"எங்காத்து வாசல்ல நின்னுண்டு கேட்டார், வழி. ரெண்டு, மூணு வாரமாச்சு, புதன்கிழமை. நான் குக்கரை வெச்சுட்டு வந்திருக்கேன், அது பாட்டுக்கு உள்ள கத்திண்டிருக்கு. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு அவசரத்துல, அடையார் பக்கமாப் போய்க் கேளுங்கோன்னு கையைக் காட்டிட்டேன். அப்படியே கையெடுத்துக் கும்பிட்டுட்டு நேரா நடந்து போனார். நோட்டீசைப் பாத்ததுலேர்ந்து மனசே சரியில்லை. தப்பா வழி காட்டிட்டேனோன்னு."

தேவானை தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தப்பு இல்லம்மா. ஆத்தோரந்தான் எங்க வூடு இருந்துச்சு. நீங்க சரியாத்தான் காட்னீங்க."

"அப்படியா? ஆத்துக்குப் போய்ச் சேந்துட்டாரோன்னோ?"

அன்புக்கரசி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது.

"சேந்துட்டாரும்மா" என்றாள் தேவானை.

"அப்பாடா. பகவானே. நன்னா இருங்கோ. இனிமே ஜாக்கிரதையாப் பாத்துக்கோங்கோ."

"சரிம்மா."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அன்புக்கரசி அம்மாவின் தட்டை மறுபடி அவள் முன்னால் நகர்த்தினாள். பேச்சுக்காகக் கேட்டாள்.

"யாரும்மா அவங்க?"

"உங்க நைனாவுக்கு வழி சொன்னவங்க" என்றாள் தேவானை.